விவாத இழை: அமெரிக்காவில் கிறிஸ்தவச் சிறுவர் கோடை முகாமுக்குத் தொண்டராகப் போகலாமா?

கேள்வி | 3 செப்டம்பர் 2025

எனக்கு 21 வயது, பி.எட். முதல் வருஷம். பிளஸ் டூ முடித்ததிலிருந்து எங்கள் சபை வி.பி.எஸ்.ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளி) பிரைமரி வகுப்பு எடுக்கிறேன். அடுத்த கோடையில் அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவச் சிறுவர் முகாமில் ஊழியம் செய்ய ஆசை. தெரிந்த அண்ணன் ஒருவர், டூரிஸ்ட் விசா போதும், இரண்டரை லட்சம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன் என்கிறார். வி.பி.எஸ். நடத்தத் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை ரொம்பச் சுலபம் என்றும் சொல்கிறார். போய் வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்களேன்.

3 செப்டம்பர் 2025, மாலை

பணம் எதுவும் கொடுத்துவிடாதே தங்கச்சி. நான் போயிருக்கிறேன். ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறேன்.

3 செப்டம்பர், இரவு

முதலில் விசா. முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலராகப் போவதற்கென்றே ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் தனிப் பிரிவு இருக்கிறது. 18 வயது முடிந்திருக்க வேண்டும். மாணவராகவோ ஆசிரியராகவோ சிறுவர் பணியில் பழகியவராகவோ இருக்க வேண்டும். அதிகபட்சம் 4 மாதம். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் நிறுவனம் வழியாகத்தான் போக முடியும். அந்தப் பட்டியல் துறையின் ஜே-1 இணையதளத்திலேயே இருக்கிறது, யாரும் பார்க்கலாம். உன் அண்ணன் சொல்லும் நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்.

ஸ்பான்சர் உன்னிடம் பேசி, ஒரு முகாமில் இடம் உறுதியான பிறகுதான் டிஎஸ்-2019 என்ற படிவம் வரும். அது வந்த பிறகு டிஎஸ்-160 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பத்தை நிரப்பி, சென்னையில் கைரேகை கொடுத்து, அப்புறம் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் இருக்கும் துணைத் தூதரகத்தில் நேர்காணல். விசாக் கட்டணம் 185 டாலர். செவிஸ் (வெளிநாட்டு மாணவர், ஜே-1 பயணிகள் பதிவேடு) கட்டணம் இந்தப் பிரிவுக்கு 35 டாலர். ஸ்பான்சருக்குக் கட்டுவதும் விமான டிக்கெட்டும் தனி. 2025 ஜூன் மாதத்திலிருந்து ஜே விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள், அதையும் நினைவில் வை.

டூரிஸ்ட் விசா விஷயத்தில் அந்த அண்ணன் சொல்வது ஒரு நூல் அளவுக்கு உண்மை. ஒரு திருச்சபையோ தொண்டு நிறுவனமோ நடத்தும் தன்னார்வச் சேவையில் சம்பளம் வாங்காமல் பங்கெடுக்க பி-1 என்ற குறுகிய கால வருகையாளர் விசாவில் வழி உண்டு. ஆனால் அந்த நிறுவனத்தின் கடிதத்தோடு, இதற்காகத்தான் போகிறேன் என்று அதிகாரியிடம் சொல்லிப் போக வேண்டும். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முகாமில் போய் நிற்பது பொய். பொய் சொல்லி விசா வாங்கினார் என்று பதிவாகிவிட்டால் அந்த நாட்டு வாசல் ஆயுளுக்கும் அடைபடலாம். கர்த்தருடைய ஊழியத்தை ஒரு பொய்யில் தொடங்க வேண்டாம்.

5 செப்டம்பர்

பிசிசி (காவல்துறை நன்னடத்தைச் சான்று) பற்றிக் கேட்டிருக்கிறாய். ஆமாம், கட்டாயம் கேட்பார்கள். பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். நீ இருக்கும் விலாசத்துக்குக் காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க வருவார்கள். பாஸ்போர்ட்டில் பழைய விலாசம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்.

இன்னொன்று. கவுன்சிலர் பிரிவில் போகிறவர்களைச் சமையற்காரராகவோ, பாத்திரம் கழுவவோ, துப்புரவுக்கோ, அலுவலகப் பணிக்கோ வைத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த நாட்டு விதியே சொல்கிறது. அங்குள்ள கவுன்சிலர்களுக்கு என்ன சம்பளமோ வசதியோ அதற்கு ஈடாக உனக்கும் தர வேண்டும். சாப்பிட்ட மேசையைப் பிள்ளைகளோடு சேர்ந்து துடைப்பது வேறு, அது எல்லாரும் செய்வது. என்னோடு விமானத்தில் வந்த ஒரு பெண்ணை வேறொரு முகாமில் காலையிலிருந்து இரவு வரை அடுக்களையில் நிறுத்திவிட்டார்கள். "ஊழியத்தில் பெரிய வேலை, சின்ன வேலை கிடையாது" என்று வசனம் வேறு சொன்னார்களாம். அவள் ஸ்பான்சருக்கு போன் செய்தாள். அவர்கள் தலையிட்டு வேறு முகாமுக்கு மாற்றினார்கள். விசா வாங்கும்போது உரிமைகள் பற்றி ஒரு சிறு கையேடு கொடுப்பார்கள், அதைத் தூக்கிப் போடாதே. அதில் உள்ள உதவி எண் 1-888-373-7888. பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்காதே, இயக்குநர் கேட்டாலும்.

6 செப்டம்பர்

இப்போது அந்த இரண்டாவது விஷயம்: வி.பி.எஸ். தெரிந்தால் சுலபம் என்பது.

வி.பி.எஸ்.ஸை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நான் வளர்ந்ததே அதில்தான். பாளையங்கோட்டை வெயிலில், கொட்டகைக்குக் கீழே, மைக் இல்லாமல் எண்பது பிள்ளைகளுக்கு ஆக்‌ஷன் சாங் சொல்லிக் கொடுத்த தொண்டை எனக்கு. அது அங்கே உதவியது. ஆனால் வி.பி.எஸ்.ஸில் மத்தியானம் ஜூஸ் குடித்துவிட்டுப் பிள்ளை அம்மாவிடம் போய்விடும். காய்ச்சல் வந்தால் அம்மா பார்ப்பாள், பயந்தால் பாட்டி பக்கத்தில் படுப்பாள். முகாமில் அந்த அம்மாவும் பாட்டியும் நீதான். காலை மணி அடிப்பதிலிருந்து மறுநாள் காலை மணி அடிக்கும் வரை.

அமெரிக்க முகாம் சங்கத்தின் தரவிதிப்படி, இரவு தங்கும் முகாமில் 6 முதல் 8 வயதுப் பிள்ளைகள் ஆறு பேருக்கு ஒரு பொறுப்பாளர். 9 முதல் 14 வயதுக்கு எட்டுப் பேருக்கு ஒருவர். நம் ஊரில் எண்பது பேரை ஒருத்தி பார்க்கிறாளே, எட்டு என்ன பிரமாதம் என்று தோன்றும். எட்டுப் பிள்ளைகளின் பல், தலைமுடி, அழுக்குத் துணி, சண்டை, மலச்சிக்கல், கனவு எல்லாவற்றையும் கவனித்துப் பார்த்தால்தான் எட்டு என்பது எவ்வளவு பெரிய எண் என்று தெரியும்.

6 செப்டம்பர், கொஞ்சம் பின்னால்

நான் போனது பென்சில்வேனியாவில், போக்கோனோ மலைப்பகுதியில் ஒரு ஏரிக்கரை முகாம். பெயர் வேண்டாம். மரக் கேபின்கள், அடுக்குக் கட்டில், ஜூனிலும் இரவில் குளிர். ஒரு கம்பளிச் சட்டையாவது கொண்டு போகாமல் யாரும் கிளம்பாதீர்கள்.

நாள் எப்படிப் போகும் என்று ஒருவர் கேட்டார். மணி, கொடிமரம், காலைச் சாப்பாடு, கேபின் சுத்தம், வேதப் பாட வேளை, அப்புறம் வில்வித்தை, கைவேலை, படகு. மத்தியானம் எல்லாரும் கட்டிலில் படுத்தே ஆக வேண்டிய ஒரு மணி நேரம். அதில்தான் வீட்டுக்குக் கடிதம் எழுதுவார்கள். போன் யாரிடமும் கிடையாது. சாயங்காலம் விளையாட்டு, இரவு நெருப்பைச் சுற்றிப் பாட்டு, ஜெபம், விளக்கணைப்பு.

ஏரியில் குளிக்கும் ஒழுங்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்ச் சபைகள் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. முதல் நாளே எல்லாரையும் நீந்தவிட்டுப் பார்த்து, யார் எந்த ஆழம் வரை போகலாம் என்று பிரிப்பார்கள். கரையில் ஒரு மரப்பலகை, ஆணி ஆணியாக அடித்திருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய வட்டமான வில்லை ஒன்று. தண்ணீரில் இறங்கும் முன் வில்லையைத் திருப்பி மாட்ட வேண்டும், ஏறியதும் மறுபடி திருப்ப வேண்டும். தனியாக யாரும் இறங்கக் கூடாது, ஜோடியாகத்தான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நீள விசில் ஒன்று அடிக்கும். உடனே எல்லாரும் அப்படியே நின்று ஜோடியின் கையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். உயிர்காப்பாளர் ஜோடிகளை உரக்க எண்ணுவார். பலகையில் இருக்கும் வில்லைகளை இன்னொருவர் எண்ணுவார். இரண்டும் ஒத்துவந்த பிறகுதான் மறு விசில். இடி முழக்கம் கேட்டால் அத்தனை பேரும் கரையேற வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை தண்ணீர் பக்கமே போகக் கூடாது. வானம் வெளுத்துவிட்டது என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். விடமாட்டார்கள்.

இது விசுவாசக் குறைவு என்று நம் ஆட்கள் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஜெபித்துவிட்டு இறங்குவதும் எண்ணிப் பார்ப்பதும் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

9 செப்டம்பர்

"அக்கா, டெக்சாஸ் வெள்ளத்தைப் பார்த்ததிலிருந்து அம்மா விடமாட்டேன் என்கிறார்கள்" என்று மார்த்தாண்டத்துத் தம்பி எழுதியிருக்கிறார்.

அம்மாவின் பயம் நியாயமானது. ஜூலை 4 அன்று விடிகாலையில் குவாடலூப் ஆறு பெருக்கெடுத்து, 1926-இல் தொடங்கிய கேம்ப் மிஸ்டிக் என்ற கிறிஸ்தவப் பெண்பிள்ளைகள் முகாமில் 27 பேர் இறந்தார்கள். 25 பேர் பிள்ளைகள், 2 பேர் கவுன்சிலர்கள். முகாமின் இயக்குநரும் பிள்ளைகளைக் காப்பாற்றப் போய் இறந்தார். வானிலை மையத்தின் வெள்ள எச்சரிக்கை அதிகாலை 1:14-க்கே வந்திருக்கிறது. ஆற்றை ஒட்டித் தாழ்வான இடத்தில் சின்னப் பிள்ளைகளின் கேபின்கள் இருந்தன.

அந்த இரவில் அங்கே மெக்சிகோவிலிருந்து வந்த 19 வயதுக் கவுன்சிலர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், மேட்டுப் பகுதிக் கேபினில். தங்கள் பொறுப்பிலிருந்த பிள்ளைகளின் உடம்பில் பேனாவால் அவரவர் பெயரை எழுதினார்கள். ஏன் எழுதினார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களும் நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து கோடைக்கு வந்தவர்கள்தான். இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் சமைக்கவில்லை.

இந்த மாதம் 5-ஆம் தேதி டெக்சாஸ் ஆளுநர் கையெழுத்திட்ட புதிய சட்டங்கள், வெள்ளம் பாயும் பகுதியில் கேபின் வைத்திருக்கும் முகாமுக்கு உரிமம் கிடையாது என்கின்றன. மற்ற மாநிலங்களிலும் நீங்களாகவே கேளுங்கள். நேர்காணலில் கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்பார்கள் இல்லையா, அங்கே கேளுங்கள். கேபின் எங்கே இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு தூரம்? இரவில் என் கையில் வாக்கி-டாக்கி இருக்குமா? எச்சரிக்கை வந்தால் ராத்திரி விழித்திருந்து பார்ப்பவர் யார்? வெளியேறும் பயிற்சியைப் பிள்ளைகளோடு எந்த நாளில் செய்வீர்கள்? சொந்தமாக முடிவெடுத்துப் பிள்ளைகளை மேட்டுக்குக் கூட்டிப் போக எனக்கு அனுமதி உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு இழுத்துப் பதில் சொன்னால் அந்த முகாம் வேண்டாம்.

9 செப்டம்பர், இரவு

கடைசிக் கேள்வியை நேர்காணலில் கேட்டால் வேலை கிடைக்காது என்கிறார் ஒருவர். நல்ல இயக்குநருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். பிடிக்காத இயக்குநரிடம் போய் என்ன செய்யப் போகிறீர்கள்?

14 செப்டம்பர்

வீட்டு நினைப்பு. பிள்ளைகளுடையது.

முதல் இரண்டு இரவுகளில் கட்டாயம் வரும். அழும் பிள்ளையிடம் "நாளைக்கே அம்மாவை வரச் சொல்கிறேன்" என்று ஆறுதலுக்காகச் சொல்லிவிடத் தோன்றும். சொல்லக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டியில் பெற்றோருக்கே இதைச் சொல்லியிருக்கிறது: பிடிக்காவிட்டால் வந்து கூட்டிப் போகிறேன் என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்காதீர்கள் என்று. அந்த வாக்கு கையில் இருந்தால் பிள்ளை அதையே எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வேலை கொடுக்க வேண்டும். எங்கள் கேபினில் விடாமல் அழுத ஒரு சின்னப் பெண்ணைக் கொடியேற்றும் அணியில் போட்டேன். காலையில் என்னை எழுப்பிவிடும் பொறுப்பையும் அவளிடமே கொடுத்தேன். அவ்வளவுதான், ஆள் மாறிவிட்டாள்.

அப்புறம், இதை எழுதலாமா என்று யோசித்தேன்; எழுதுகிறேன், போகிறவர்களுக்கு வேண்டும். ஒன்பது வயதிலும் படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளைகள் உண்டு. பெற்றோர் படிவத்தில் குறித்திருப்பார்கள், சிலர் வெட்கப்பட்டுக் குறிக்காமல் விட்டிருப்பார்கள். ஒரு இரவு என் கட்டிலோரம் ஒருத்தி வந்து ஒன்றும் பேசாமல் நின்றாள். டார்ச்சைத் தரைப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன், புரிந்தது. கூட இருந்த கவுன்சிலரை எழுப்பினேன். மாற்றுத் துணி கொடுத்து அவளைக் குளியலறைக்கு அனுப்பி நான் வாசலில் நின்றேன். அதற்குள் அந்தக் கவுன்சிலர் நனைந்த ஸ்லீப்பிங் பேக்கைக் கறுப்புப் பையில் போட்டுக் கட்டி, அலமாரியிலிருந்து அதே நிறத்தில் இன்னொன்றை விரித்துவிட்டாள். ஆமாம், அதே நிறத்தில். எல்லா நிறத்திலும் ஒன்றிரண்டு உபரி வாங்கி வைத்திருந்தார்கள், இதற்காகவே. காலை மணி அடிக்கும் முன் துவைத்துக் காய்ந்து திரும்பி வந்துவிட்டது. மற்ற ஏழு பேருக்கும் இன்றுவரை தெரியாது.

அந்த முகாமில் எத்தனையோ பிரசங்கம் கேட்டேன். இயேசுவைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னது அந்த உபரி ஸ்லீப்பிங் பேக் அடுக்குதான்.

15 செப்டம்பர்

"குளியலறை வாசலில் ஏன் நின்றீர்கள், உள்ளே போய் உதவியிருக்கலாமே" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள். போகக் கூடாது. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக, பிறர் கண்ணில் படாத இடத்தில் இருக்கக் கூடாது. பயிற்சி வாரத்தில் முதலில் சொல்வது இதுதான். நம் பழக்கப்படி கன்னத்தைக் கிள்ளுவது, மடியில் தூக்கி வைத்துக்கொள்வது, தலையைக் கோதிவிடுவது ஒன்றும் கிடையாது. பிள்ளையாக வந்து கட்டிக்கொண்டால் பக்கவாட்டில் தோளை அணைக்கலாம். முதல் வாரம் கையைக் கட்டிப்போட்டது போலத்தான் இருக்கும். பிள்ளைக்கு வேண்டிய அன்பைக் கண்ணாலும் காதாலும் கொடுக்கக் கற்றுக்கொள்வாய்.

இந்த விதியை வெள்ளைக்காரர்களின் குளிர்ந்த சுபாவம் என்று நினைப்பவர்கள் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மிசௌரி மாநிலத்தில் கனகுக் என்ற பெரிய கிறிஸ்தவ முகாமில் எல்லாருக்கும் பிடித்த தலைவராக இருந்த பீட் நியூமன், பிள்ளைகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக 2010-இல் ஆயுள் தண்டனை பெற்றவர். பிரிட்டனில் ஜான் ஸ்மைத் என்ற வழக்கறிஞர், ஐவர்ன் கிறிஸ்தவ முகாம்கள் வழியாகப் பழக்கமான பையன்களைத் தன் வீட்டுக் கொட்டகையில் ரத்தம் வர அடித்தவர். 1982-லேயே சபைத் தலைவர்கள் சிலர் அறிக்கை எழுதி, போலீசுக்குப் போகாமல் மூடி வைத்தார்கள். அவர் ஜிம்பாப்வேக்குப் போய் அங்கேயும் கிறிஸ்தவச் சிறுவர் முகாம் நடத்தினார். 1992-இல் அவருடைய முகாமில் ஒரு பையன் இறந்தான். நவம்பர் 2024-இல் இதைப் பற்றிய மேக்கின் அறிக்கை வந்து, கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலக வேண்டியதாயிற்று.

சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடியவர்களால் எத்தனை பிள்ளைகள் அடிபட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம் நாட்டில் போக்சோ சட்டம் 2012-இலிருந்து இருக்கிறது. தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம். எங்கள் வி.பி.எஸ்.ஸில் இப்போது, பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்துவிட்டோம். எங்கள் போதகர் ஐயா முதலில் தயங்கினார். நானும் இன்னும் மூன்று அக்காமாரும் விடவில்லை.

21 செப்டம்பர்

இதை எழுதினால் சிலருக்கு மனம் நோகும். இருந்தாலும் இதைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது.

கடைசி இரவு நெருப்பு. ஒரு வாரமாகத் தூக்கம் குறைந்த பிள்ளைகள். நாளைக்குப் பிரியப் போகிறோம் என்ற நினைப்பு. கிட்டார் மெதுவாக வாசிக்கிறது. பேசுகிறவர் குரலைத் தாழ்த்தி, "இன்றிரவு இயேசுவுக்கு உன் இருதயத்தைக் கொடுக்கிறாயா? கை உயர்த்து" என்கிறார். ஒருத்தி அழுதால் பக்கத்தில் இருப்பவளும் அழுகிறாள். கைகள் உயர்கின்றன. கவுன்சிலர் குறித்துக்கொள்கிறார், மறுநாள் எத்தனை பேர் என்று ஜெபக் கடிதத்தில் போகிறது.

எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் விசுவாசி. பத்து வயதில் நானே ஒரு வி.பி.எஸ். முடிவில் கை உயர்த்தியவள், அதை இன்றும் உண்மையாக நினைக்கிறேன். ஆனால் களைத்துப்போன பிள்ளையின் கண்ணீரை எண்ணிக்கையாக மாற்றுவது வேறு. என் கேபினில் ஒரு பெண் கை உயர்த்தவில்லை. இரவு விளக்கணைத்த பிறகு மேல் கட்டிலிலிருந்து, "நான் கெட்ட பிள்ளையா?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா யூதர், அப்பா கத்தோலிக்கர். படகு ஓட்ட ஆசைப்பட்டு இந்த முகாமுக்கு வந்தவள். இல்லை என்று சொன்னேன். உன்னைக் கடவுள் நேசிப்பதற்கும் நீ கை தூக்குவதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். மறுநாள் இயக்குநரிடம் போய், இப்படிக் கேட்பதைப் பகலில் கேளுங்கள், தூங்கி எழுந்த பிறகு, விரும்பியவர்கள் தாமாக வந்து பேசட்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து வேதப் பாட வேளைக்குப் பிறகு மரத்தடியில் பெஞ்சு போட்டார்கள். பேச விரும்பும் பிள்ளை வரலாம். குறைவான பேர்தான் வந்தார்கள். வந்தவர்கள் கேட்ட கேள்விகள் பெரியவை. செத்துப்போன நாயைப் பற்றி, பிரிந்துபோன அப்பாவைப் பற்றி.

22 செப்டம்பர்

எதிர்பார்த்தேன். "அப்படியானால் சுவிசேஷம் சொல்லவே வேண்டாமா? சமூக சேவைக்குப் போக வேண்டியதுதானே?" என்று கேட்கிறார்கள்.

சொல்ல வேண்டும். பாட்டில் சொல்லுங்கள், கதையில் சொல்லுங்கள், கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள். பெற்றோர் கிறிஸ்தவ முகாம் என்று தெரிந்துதான் அனுப்புகிறார்கள், ஒளிக்க ஒன்றுமில்லை. பிள்ளை வேண்டாம் என்று சொல்லும் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. சிறியவர்களை இடறச் செய்கிறவனைக் கழுத்தில் எந்திரக்கல் கட்டிக் கடலில் தள்ளுவது நலம் என்று நம் ஆண்டவர் சொன்னதை நாம் ஏன் எப்போதும் மற்றவர்களுக்குச் சொன்னதாகவே வாசிக்கிறோம்?

23 செப்டம்பர்

நேற்று கொஞ்சம் சூடாக எழுதிவிட்டதாக ஒரு அண்ணன் சொல்கிறார். வரிகள் அப்படியே இருக்கட்டும் அண்ணா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: நெருப்பைச் சுற்றி உட்காரும் அந்த இரவை நான் நேசிக்கிறேன். பாட்டு, சாட்சி, மார்ஷ்மெல்லோ சுட்டுத் தின்பது எல்லாம் இருக்கட்டும். அந்த நேரத்தில் கணக்கெடுப்பதை மட்டும்தான் வேண்டாம் என்கிறேன்.

2 அக்டோபர்

பேச்சு எங்கெங்கோ போய்விட்டது, நல்லதுதான். இந்த முகாம் வழக்கம் எப்போது தொடங்கியது என்று ஒருவர் கேட்டார். 1868-இல் வேல்ஸ் நாட்டு லாண்டுட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பியர்ஸ் என்பவர் மணலில் "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்று பெரிதாக எழுதி, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு எழுத்துகளைச் சிப்பியாலும் கடற்பாசியாலும் அலங்கரிக்கச் சொன்னார். ஸ்கிரிப்சர் யூனியன் இன்று உலகெங்கும் நடத்தும் சிறுவர் முகாம்களின் வேர் அங்கே இருக்கிறது. அமெரிக்காவில் 1880-இல் ஜார்ஜ் ஹிங்க்லி என்ற போதகர் தன் சபைப் பையன்களை ரோட் ஐலண்டில் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். ஒய்.எம்.சி.ஏ.வின் கேம்ப் டட்லி 1885-இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. நம் வி.பி.எஸ்.ஸின் தாயும் அமெரிக்காதான்: 1898-இல் நியூயார்க்கில் ஹாஸ் என்ற அம்மையார், கோடை விடுமுறையில் தெருவில் அலையும் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பீர் விற்கும் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்திய பள்ளி அது.

ஸ்பியர்ஸ் செய்ததில் எனக்குப் பிடித்தது, அவர் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு வேலை கொடுத்தார் என்பது.

3 அக்டோபர்

பிரிட்டனுக்கு டூரிஸ்ட் விசாவில் போய் ஒரு கோடை முழுக்கத் தொண்டு செய்யலாம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. அங்கே விசிட்டர் விசாவில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் 30 நாள் வரை மட்டும் தொண்டு செய்யலாம். ஒரு வார முகாம் என்றால் சரி. அங்கே தலைவர்கள் பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், சாப்பாட்டுச் செலவுக்குத் தாங்களே பணம் கட்டி வருகிறார்கள்.

11 அக்டோபர்

சாப்பாடு, துணி பற்றி நிறையக் கேள்விகள். சுருக்கமாக: உருகிய சீஸ் ரொட்டி, டாக்கோ, பாஸ்தா. சோறு எப்போதாவது, அதுவும் குழம்பில்லாமல். ஊறுகாய் கொண்டு போகலாம், ஆனால் கேபினில் தின்பண்டம் வைக்கக் கூடாது. எறும்பு மட்டுமில்லை, அந்தக் காட்டில் கரடி வரும். கடலை மிட்டாய் எடுத்துப் போகவே வேண்டாம். கடலை ஒவ்வாத பிள்ளைகளுக்கு அது உயிர் ஆபத்து. அவர்களுக்குப் போடும் ஊசியை எப்படிப் போடுவது என்று உனக்கே பயிற்சி கொடுப்பார்கள்.

சுரிதார் போடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் புல்வெளியில் முழுக்கால் பேன்ட், அதன் நுனியைச் சாக்ஸுக்குள் செருக வேண்டும். உண்ணி கடித்தால் லைம் என்ற நோய் வரலாம். நடைப்பயணம் முடிந்ததும் பிள்ளைகள் தங்கள் முழங்கால் மடிப்பு, காது மடல் பின்புறம், தலைமுடி வேர் எல்லாம் பார்க்க வேண்டும். நீ வரிசையாகச் சொல்லச் சொல்ல அவர்களே பார்ப்பார்கள். மூன்று இலை சேர்ந்த கொடியைத் தொடாதே, அரித்துத் தின்றுவிடும்.

மாத்திரை எதையும் நீயாகக் கொடுக்கக் கூடாது, தைலம்கூட. எல்லாம் நர்ஸம்மாவிடம்தான்.

30 அக்டோபர்

தங்கச்சி இன்று தனியாக எழுதியிருந்தாள். பட்டியலில் பார்த்தாளாம், அண்ணன் சொன்ன நிறுவனம் இல்லை. பட்டியலில் உள்ள ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். நல்லது. முகாம்கள் நவம்பரிலிருந்தே ஆள் எடுக்கத் தொடங்கிவிடும், மார்ச்சுக்குள் நல்ல இடங்கள் நிறைந்துவிடும், சரியான நேரம்.

அவள் கேட்டது: நீச்சல் தெரியாது, பரவாயில்லையா? கவுன்சிலராக எடுப்பார்கள், உயிர்காப்பாளர்கள் வேறு இருக்கிறார்கள். ஆனால் ஏரிக்கரையில் எட்டுப் பிள்ளைகளோடு நிற்கப் போகிறாய். இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, ஊரிலேயே கற்றுக்கொள். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் நீச்சல்குளம் எங்கே இருக்கிறது என்று திருநெல்வேலிப் பக்கம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மாலை ஐந்துக்கு மேல் என்றால் அவளுக்குக் கல்லூரி முடிந்து வர வசதி. அப்படியே முதலுதவி வகுப்பும், இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தும் பயிற்சியும் எங்கே சான்றிதழோடு தருகிறார்கள் என்று தெரிந்தாலும் சொல்லுங்கள்.